வாசகர் கேள்வி பதில்: படுத்திருக்கும் கல்

கேள்வி: அபர்டீனில் இருக்கிற மகன் ஒரு படம் அனுப்பினான். மாடு மேயும் புல்வெளியில் கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய கல் மட்டும் விழுந்து கிடக்கிறது. அதை ஏன் ஒருவரும் தூக்கி நிறுத்தவில்லை? அந்த வட்டம் பழையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
(வாசகி, முள்ளியவளை)

பதில்: அம்மா, அது விழுந்த கல் இல்லை, படுக்க வைத்த கல். மகனைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் இரண்டு தலைப்பிலும் உயரமான கற்கள் இரண்டு, வாசலில் நிற்கும் துவாரபாலகர் மாதிரி நிற்கும். படுத்த கல்லின் மேற்பக்கம் மட்டமாக வரும்படி அடியில் சின்னக் கற்களை அடைகொடுத்து இருத்தியிருப்பார்கள். ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில் இப்படியான வட்டங்கள் 70க்கு மேல் உண்டு. அநேகமாக எல்லாவற்றிலும் அந்தக் கல் தெற்கு, தென்மேற்குப் பக்கமாகவே கிடக்கும். கோடைகாலத்தில் வானில் தாழ்ந்து போகும் முழுநிலவு அதற்கு மேலால் நகர்வதைப் பார்க்கவே அப்படி வைத்தார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

ஓல்ட் கீக் என்ற இடத்துக் கல் ஏறக்குறைய 50 தொன். குளக்கட்டு வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு கருங்கல்லைப் புரட்டவே எத்தனை அலவாங்கு வேண்டுமென்று. அங்கே இரும்பே வராத காலம் அது, கி.மு. 2500ஐ ஒட்டியது. மரமும் கயிறும் ஆள்பலமும்தான்.

இவற்றில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது தாலண்ட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தொம்னாவெரியைப் பற்றித்தான். கல்லுடைக்கும் குழி வட்டத்தின் ஓரம் வரைக்கும் வந்துவிட்ட இடம். 1999, 2000ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர் ரிச்சர்ட் பிராட்லி அங்கே அகழ்ந்தார். அடியில் கிடைத்தது கரியும் எரிந்த எலும்புத் துண்டுகளும். முதலில் அந்த மேட்டில் பிணம் எரித்திருக்கிறார்கள். பிறகு அந்தச் சாம்பலின் மேல் கற்குவியல் எழுப்பியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் சுற்றிவர நெடுங்கற்களை நட்டு, படுத்த கல்லை வைத்து அடைத்திருக்கிறார்கள். நெடுங்கற்கள்தான் முதலில் வந்தன என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். உண்மையிலேயே விழுந்திருந்த கற்களை அகழ்வுக்குப் பிறகு பழைய குழிகளிலேயே திரும்ப நிறுத்தினார்கள்.

வயதைச் சொல்வது அந்தக் கரிதான், அதில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் காபனை அளந்து காலத்தைக் கணிக்கிறார்கள். கல்லை மட்டும் பார்த்துச் சொல்லப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அதே வடகிழக்கில் உள்ள லியோகல்-குஷ்னி என்ற ஊர் சாட்சி. 2018 கடைசியில் அங்கே ஒரு பண்ணையில் பழைய வட்டம் கிடைத்ததாக அறிவித்தார்கள். கற்கள் வழக்கத்தைவிடச் சிறியவை, வட்டமும் சிறியது என்று அப்போதே குறித்திருந்தார்கள். கொஞ்ச நாளில் பண்ணையின் பழைய சொந்தக்காரர் தானே 1990களில் அதைக் கட்டியதாகச் சொல்லிவிட்டார்.

கேள்வி: எங்கட வன்னியில் காணி துப்புரவாக்கும்போது இப்படிக் கல் வரிசை வெளிப்பட்டால் என்ன செய்வது?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, உழவு இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள். இலங்கையில் கதிரவெளி, பொம்பரிப்பு, ஆனைக்கோட்டை ஆகிய இடங்களில் பெருங்கற்காலப் புதைப்புகள் கிடைத்திருக்கின்றன. அவை இரும்புக் காலத்தவை, ஸ்கொட்லாந்து வட்டங்களைவிட மிகவும் பிந்தியவை. எங்கள் காடுகளிலும் குளக்கட்டுகளிலும் ஒரு கல் நிற்கிறதென்றால் அது ஐயனாராகவோ பிள்ளையாராகவோ நேற்று நட்டதாகவும் இருக்கலாம். அதனால் கல்லை அசைக்காமல், கற்களைச் சுற்றியுள்ள மண்ணைப் பாருங்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓட்டுத் துண்டு, எலும்பு, துருவேறிய இரும்பு கண்ணில் பட்டால் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எடுத்த துண்டு எந்தக் கல்லடியில் கிடந்தது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. கிடந்தபடியே பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள், காணியின் வரைபடத்தில் இடத்தைக் குறியுங்கள். இரண்டையும் கொண்டுபோய் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையில் காட்டுங்கள். மழைக்கு முன்னமே போய்விடுங்கள், மாரியில் குழி கரைந்துவிடும்.