என் கவுன்ட் நார்மல், பிறக்கப்போகும் குழந்தைக்கு?

கேள்வி: எனக்கு வயது 29. ஐ.டி.பி. என்ற தட்டணு (பிளேட்லெட்) குறைபாட்டுக்காக ஆறு வருடத்துக்கு முன் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டாம் மாதம். பிளேட்லெட் 1,80,000 இருக்கிறது. “அதான் சரியாப் போச்சே, டாக்டரிடம் பழைய கதை எதற்கு?” என்கிறார் மாமியார். குழந்தைக்குப் பாதிப்பு வருமா? சிசேரியன் செய்துகொள்ளட்டுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: பழைய கதையை அவசியம் சொல்லுங்கள். பிரசவ டாக்டரிடம் மட்டும் போதாது, குழந்தை டாக்டருக்கும் இப்போதே தெரிய வேண்டும்.

ரத்தம் உறைய உதவுபவை தட்டணுக்கள். உங்கள் உடம்பு தன் தட்டணுக்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்தது. அது ஒட்டிய தட்டணுக்களைப் பிடித்து அழித்த முக்கியமான இடம் மண்ணீரல். அதை எடுத்ததும் கவுன்ட் ஏறிவிட்டது. ஆனால் ஆன்டிபாடி இன்னும் ரத்தத்தில் இருக்கலாம். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகலாம். குழந்தைக்கோ மண்ணீரல் இருக்கிறதே! அதனால் உங்கள் 1,80,000-ஐ வைத்துக் குழந்தையின் கவுன்ட்டைக் கணிக்க முடியாது.

இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஐ.டி.பி. உள்ள தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் 50,000-க்குக் கீழே இறங்குகிறது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஆயுதம் போட்டு எடுப்பதையும், வேக்குவம் கருவியைத் தலையில் பொருத்தி இழுப்பதையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் கவுன்ட் பார்ப்பார்கள். அது தெரியும்வரை தொடையில் ஊசி போடுவதைத் தள்ளிவைப்பது வழக்கம். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே மட்டும் விட்டுப்போகக் கூடாது. எப்படிக் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார்.

பலர் ஏமாறுவது இதற்கு அப்புறம்தான். முதல் நாள் கவுன்ட் குறைந்திருந்தால் அதோடு நிற்காது. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் அடிமட்டத்துக்குப் போகும். அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். 50,000-க்குக் கீழே போனால் தலையை ஸ்கேன் செய்வார்கள். 30,000-க்கும் கீழே என்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ரத்தம் கசிந்தால் தட்டணுவும் சேர்த்து. உங்களிடமிருந்து போன ஆன்டிபாடி தீரத் தீர, சில வாரங்களில் கவுன்ட் தானாக ஏறிவிடும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். வாரக்கணக்கில் கவுன்ட் ஏறாமலே இருந்தால் மட்டும் தாய்ப்பால் பற்றி டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம்.

டெங்கு சமயத்தில் பழகிய பப்பாளி இலைச்சாற்றைப் பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம்.

வீட்டில், குழந்தையின் தோலில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். கொசுக்கடியின் சிவப்பு மறைந்து திரும்ப வரும். ரத்தக்கசிவுப் புள்ளி மறையாது. மறையாவிட்டால், அல்லது பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கவுன்ட் ஏறும்வரை, குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் கை காலை உருவி, தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கிற வித்தையெல்லாம் வேண்டாமென்று உங்கள் மாமியாரையே சொல்லச் சொல்லுங்கள்.