சீனாவில் சைவம், சந்தை, சில்லறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜினானில் மருத்துவம் படிக்கிறேன். சாப்பாட்டுக் கடையில் 'இறைச்சி வேண்டாம்' என்று சீன மொழியில் தெளிவாகத்தான் சொன்னேன். வறுத்த பீன்ஸ் வந்தது, மேலே கொத்திய பன்றிக்கறி. வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: இல்லவே இல்லை. அவர்கள் கணக்கில் அது பீன்ஸ்தான், கறி ருசிக்காகத் தூவியது, நாம் கடுகு தாளிப்பதைப் போல. 'ரோவ்' என்றால் இறைச்சி, ஆனால் வெறுமனே ரோவ் என்றால் அங்கே பன்றிக்கறி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் 'ரோவ் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கறித் துண்டை விட்டுவிட்டுப் பன்றிக் கொழுப்பில் வதக்கி, கோழிச்சாற்றுப் பொடியையும் போட்டு, உங்களுக்காகச் சைவமாகவே செய்தோம் என்று மனதாரச் சொல்வார்கள். 'வோ ச்சி சு', அதாவது 'நான் சைவம்', என்று ஆரம்பியுங்கள். அதோடு நிறுத்தாமல் கொத்துக்கறி, ஜூ யோவ் (பன்றிக் கொழுப்பு), ஜீ ஜிங் (கோழிச்சாற்றுப் பொடி) மூன்றும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். உச்சரிப்பில் சந்தேகம் இருந்தால் போனில் எழுதிக் காட்டுங்கள், நான் இன்றும் அப்படித்தான். மாப்போ தோஃபு வெறும் தோஃபு என்று நம்பி வாங்காதீர்கள், அதிலும் பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும்.

பௌத்தக் கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கும், அங்கே பயமில்லை. பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஒன்று மட்டும்: அங்கே வாத்து, மீன் என்றெல்லாம் பட்டியலில் இருக்கும், பார்த்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள், எல்லாம் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை.

கேள்வி: சந்தையில் தக்காளி 4 யுவான் என்று போட்டிருந்தது. ஒரு கிலோ எடுத்தேன், 8 கேட்டார்கள். வெளிநாட்டுக்காரன் என்று ஏமாற்றினார்களோ?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை, அந்த 4 யுவான் ஒரு 'ஜின்'னுக்கு. ஜின் என்றால் 500 கிராம், காய்கறிச் சந்தையில் விலை சொல்வது அந்தக் கணக்கில்தான். அதில் பத்தில் ஒரு பங்கு, 50 கிராம், 'லியாங்'. வடக்கே சில கடைகளில் கொழுக்கட்டை மாதிரியான ஜியாவ்ஸியைக்கூட லியாங் கணக்கில்தான் கேட்க வேண்டும், அதுவும் எடை மாவுக்கு மட்டும், உள்ளே வைக்கும் பூரணம் கணக்கில் வராது. வந்த புதிதில் அது தெரியாமல், அரை ஜின் என்றால் கால் கிலோதானே என்று நினைத்து, கீரையும் முட்டையும் வைத்ததைக் கேட்டுவிட்டேன். முப்பது வந்தது. கடைக்கார அம்மா நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

விரல் கணக்கையும் பழகிக்கொள்ளுங்கள், ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டிவிடுவார்கள். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் நீட்டினால் அது இரண்டு இல்லை, எட்டு! கட்டை விரலும் சுண்டு விரலும் என்றால் ஆறு. இரண்டு யுவான் என்று நினைத்து எடுத்த கீரைக்கு எட்டு கொடுத்த பிறகுதான் எனக்கு இது மண்டையில் ஏறியது.

கேள்வி: எல்லாரும் போனைக் காட்டியே பணம் கட்டுகிறார்கள். நம் கார்டு செல்லுமா?

பதில்: விசா, மாஸ்டர் கார்டு என்றால் அலிபே, வீசாட் என்ற போன் செயலிகளில் இணைக்கலாம், அங்கே பணம் கட்டுவது அவற்றில்தான். 200 யுவான் வரை தனிக் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம், அதனால் பெரிய பில்லுக்கு யோசித்துக் கட்டுங்கள். வெளிநாட்டு கார்டை வைத்துத் தனிநபருக்குப் பணம் அனுப்ப முடியாது என்பதால், தெருவோரப் பாட்டி நீட்டுகிற க்யூஆர் கோடு சில நேரம் வேலை செய்யாது. கொஞ்சம் நோட்டு வைத்திருங்கள். ரொக்கத்தை மறுப்பது அங்கே விதிமீறல், சில்லறை இல்லை என்று முகத்தைச் சுளிப்பது வேறு விஷயம். நீண்ட நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளூர் வங்கிக் கணக்கு தொடங்கி இணைத்துவிடுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

கேள்வி: தயிர் சாதம் சாப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது. வழி உண்டா?

பதில்: அட, இதற்கா கவலை! கடைத் தயிர் பெரும்பாலும் இனிப்பு, 'வூ தாங்' என்று சர்க்கரை சேர்க்காததைத் தேடி வாங்கி, அதையே உறையாக ஊற்றிப் பாலைத் தோய்த்துவிடுங்கள். அரிசிதான் படுத்தும். வடகிழக்கு அரிசி குட்டையாக, வெந்ததும் ஒட்டிக்கொள்ளும். தயிருக்கு அதுவே பரவாயில்லை, குழம்புக்கு ஆகாது. குவாங்டோங் பக்கத்து நீள அரிசி, 'ஸுமியாவ் மி' என்று கேளுங்கள், பொலபொலவென்று வரும். பாகற்காய், வெண்டைக்காய், நீளமான காராமணிக்காய், வட்டமாக அறுத்து வைத்த வெண்பூசணி எல்லாம் சந்தையிலேயே கிடைக்கும். பச்சைப் பயறு எங்கும் உண்டு. துவரம் பருப்புக்கு யீவு, குவாங்சோ நகரங்களில் இருக்கும் இந்தியக் கடைகள், இல்லாவிட்டால் தாவ்பாவ் என்ற இணையச் சந்தை. கறிவேப்பிலையைத் தேடி அலையாதீர்கள், கொத்தமல்லியை வைத்துச் சமாளியுங்கள்.

கேள்வி: பேக்கரியில் பன் மேல் பழுப்பாகப் பஞ்சு மாதிரி தூவியிருக்கிறது, தேங்காயா?

பதில்: தேங்காய் இல்லை, 'ரோவ்சோங்', காயவைத்து நூலாகப் பிரித்த பன்றிக்கறி! ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் இதைப் படித்ததை மறந்துவிடுங்கள். சிவப்புப் பயறு பூரணம் வைத்த 'டோவ்ஷா பாவ்' வாங்கலாம், ஆனால் சில பூரணத்தில் ஜூ யோவ் சேர்ப்பார்கள். அதனால் உறையில் உள்ளதைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டே பிரியுங்கள்.