கருமருந்து டப்பாவைத் தட்டித் திறக்கலாமா?

கேள்வி: குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காக, உரிமத்தோடு வாங்கிய கருமருந்து இது. தகர டப்பாவின் திருகுமூடி துருவேறி இறுகிவிட்டது. "தீ பட்டால்தான் பற்றும், அடிபட்டால் ஒன்றும் ஆகாது" என்கிறார் விற்றவர். சுத்தியலால் லேசாகத் தட்டலாமா?

பதில்: தட்டாதீர்கள். குறடு போட்டுத் திருகவும் வேண்டாம். அடிபட்டாலும் கருமருந்து பற்றும். எளிதில் பற்றாது என்பது மட்டும்தான் உண்மை.

ஆய்வகத்தில் இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே துளி மருந்தை வைத்து, மேலிருந்து எடையைப் போட்டுச் சோதிப்பார்கள். நைட்ரோகிளிசரினுக்கு 0.2 ஜூல் போதும். கருமருந்துக்குச் சுமார் 10 ஜூல் வேண்டும்; அதாவது 1 கிலோ எடை 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல். கேட்க அதிகமாகத் தோன்றும், ஆனால் அரைக் கிலோ சுத்தியலை ஓங்கி அடித்தாலே அது வந்துவிடுகிறது. டப்பா கைதவறி விழுந்தும் பெரும்பாலும் பற்றாததற்குக் காரணம், அந்த அடி ஏராளமான குருணைகளுக்குப் பிரிந்துபோவதுதான்.

இறுகிய மூடியில் கதை வேறு. மரைக்குள் மாவாகிப்போன மருந்தும் துருப்பொடியும் மண்ணும் சிக்கியிருக்கும். இரும்புக்கு நடுவே அவை நசுங்கும்போது அடி முழுவதும் கடுகளவு இடத்தில் இறங்குகிறது, உராய்வும் சேர்கிறது. இரும்பில் இரும்பு பட்டுப் பொறி கிளம்பினால், அப்புறம் ஜூல் கணக்கே தேவையில்லை. திறந்த இடத்தில் குபீரென்று எரிந்து போகிற அதே மருந்து, மூடிய டப்பாவுக்குள் வெடிக்கும்.

டப்பாவை அசைக்காமல், வெயிலும் நெருப்பும் அண்டாத இடத்தில் விட்டுவிட்டு, உரிமம் பெற்ற விற்பனையாளரையோ வெடிபொருள் துறையையோ அழையுங்கள். நீங்களே வண்டியில் எடுத்துப் போகாதீர்கள்.

அடுத்த முறை முத்திரை உடையாத, துருவில்லாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். சில்லறையாகப் பிரித்து விற்பதை வாங்கவே கூடாது: உள்ளே இருப்பது குளோரேட் கலந்த மருந்தாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, அது சின்ன உரசலிலேயே பற்றிக்கொள்ளும். அளப்பதற்குப் பித்தளைக் கரண்டி. மூடும் முன் மரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மருந்து கட்டிதட்டியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். இடித்து உடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கீழே சிந்தியதைத் தண்ணீர் விட்டு நனைத்து அள்ளுங்கள், தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதன் மோட்டார்ப் பொறியே போதும்.