புகுஷிமாவுக்கு டூரிஸ்ட்டா போகலாமா? போய்ட்டு வந்த நாகப்பட்டினத்துக்காரனோட பதில்

அணு உலை வெடிச்ச ஊருக்கு சுத்திப்பாக்கப் போறது பாதுகாப்பா, அடுத்தவங்க கஷ்டத்தை வேடிக்கை பாக்குறது நியாயமான்னு கேட்டிருக்கீங்க.

போகலாம்ங்க. நான் 2023 நவம்பர்ல போனேன், அப்ப டோக்கியோவுல வேலை. அங்கேருந்து ரயில்ல மூணு மணி நேரத்துக்கு மேல போனா நமியேன்னு ஒரு ஊரு. மக்கள் திரும்பி வந்த இடத்துல எல்லாம் ரோட்டோரமா சோலார் தகடு வச்ச வெள்ளைக் கம்பம் நிக்குது, அந்த இடத்துக் கதிர்வீச்சு அளவு அதுல நம்பரா ஓடும், நான் பாத்தது மணிக்கு 0.07 மைக்ரோ சீவர்ட் மாதிரி. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரையில தோரியம் மண்ணால இயற்கையாவே இதைவிட அதிகமா இருக்கும். அணு உலை பக்கத்துல இன்னும் மூடி வச்சிருக்குற ஏரியா இருக்கு, அங்க பேரிகேடைத் தாண்டி போட்டோ எடுக்கப் போகாதீங்க, அது யாரோ ஒருத்தர் விட்டுட்டுப் போன வீடு.

பாதுகாப்பு பத்தி இவ்ளோதான். எனக்கு மனசு கனத்தது வேற விஷயத்துல.

எங்க ஊரு திருப்பூண்டி பக்கம், கடைமடை. 2004 சுனாமியில நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க, நான் அப்ப ஒன்பதாவது படிச்சேன், அப்பா நாலஞ்சு நாள் வீட்டுக்கே வராம மத்தவங்களோட சேர்ந்து உடல் தேடிக்கிட்டு இருந்தாரு. புகுஷிமாவுலயும் 2011 மார்ச் 11 அன்னிக்கு அதே சுனாமிதான், 14, 15 மீட்டர் உயரத்துக்கு தண்ணி வந்து அணு மின் நிலையத்தோட கீழ்த்தளத்துல இருந்த டீசல் ஜெனரேட்டரெல்லாம் முங்கி, கூலிங் நின்னு மூணு உலை உருகிடுச்சு. (நம்ம கல்பாக்கத்துலயும் 2004ல பம்ப் ஹவுஸுக்குள்ள கடல் தண்ணி புகுந்துச்சு, ஆனா உலையை பத்திரமா நிறுத்திட்டாங்க.)

நமியேவுல உகேதோன்னு ஒரு கடலோர கிராமம். அங்க இருந்த ஸ்கூலை இடிஞ்சது இடிஞ்ச மாதிரியே வச்சிருக்காங்க, உள்ள போய்ப் பாக்கலாம். அன்னிக்கு ஸ்கூல்ல இருந்த 82 பிள்ளைங்களும் டீச்சருங்களோட மலையைப் பாத்து ஓடிப் பொழைச்சுட்டாங்க. ஊருல இருந்த மத்தவங்கதான் பாவம். ராத்திரி இடிபாட்டுக்குள்ளேருந்து சத்தம் கேட்டிருக்கு, விடிஞ்சதும் வந்து எடுக்கலாம்னு மீட்பு ஆளுங்க போயிருக்காங்க, விடியக்காலையில அணு உலையால ஊரையே காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்துருச்சு. திரும்ப உள்ள போய்த் தேடுனது ஒரு மாசம் கழிச்சு. எங்களுக்கு தேடுற பாக்கியமாச்சும் கிடைச்சுதேன்னு நினைச்சப்ப, அந்த வெறும் மைதானத்துல நின்னு அழுதுட்டேன்.

அடுத்தது மண்ணு. எங்களை கூட்டிட்டுப் போனவரு அறுபது தாண்டுன ஒரு விவசாயி, ஆறு வருஷம் வெளியூர்ல இருந்துட்டு திரும்பி வந்தவரு. வரப்புல குந்தி உக்காந்து ஆள்காட்டி விரலைப் பாதி வரைக்கும் மண்ணுல குத்திக் காமிச்சாரு, இந்த ஆழத்துக்கு, அஞ்சு சென்டிமீட்டர், மேல்மண்ணை மொத்தமா வழிச்சு எடுத்துட்டாங்களாம், உலையிலேருந்து வந்த சீசியம்ங்குற கதிர்வீச்சுப் பொருள் அதுலதான் தங்குமாம். தாத்தா காலத்துலேருந்து எரு போட்டு சேத்த மண்ணு கறுப்பு மூட்டையில போயிடுச்சு, அதுக்குப் பதிலா மலையை வெட்டி கொண்டாந்து கொட்டுனது சத்தே இல்லாத மஞ்ச மண்ணு, கல்லு வேற. அள்ளுன மண்ணெல்லாம் அணு உலையைச் சுத்தி சேத்து வச்சிருக்காங்க, 2045க்குள்ள புகுஷிமா மாகாணத்துக்கு வெளிய கொண்டு போகணும்னு சட்டமே இருக்கு.

அதுலயும் நெல்லு விளைய வச்சிருக்காங்க. பயிருக்கு சீசியமும் பொட்டாசியமும் ஒண்ணு மாதிரிதான் தெரியுமாம், மண்ணுல பொட்டாஷ் தேவையான அளவு இருந்தா வேரு சீசியத்தை ரொம்பக் குறைச்சுத்தான் எடுக்கும்னு அதைக் கூடுதலா போடுறாங்க. 2012லேருந்து 2019 அறுவடை வரைக்கும் அந்த மாகாணத்துல விளைஞ்ச 30 கிலோ மூட்டை ஒவ்வொண்ணையும் மெஷின்ல வச்சு சோதிச்சிருக்காங்க, கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிர்வீச்சை அளக்குற அலகு)தான் வரம்பு, 2015 அறுவடையிலேருந்து ஒரு மூட்டைகூட அதைத் தாண்டல. அப்பவும் ஊரு பேரைப் பாத்துட்டு வாங்க மாட்டேங்குறாங்கன்னு சொன்னாரு. அவரு வீட்டுச் சோத்து உருண்டை ரெண்டு குடுத்தாரு, ரெண்டையும் தின்னேன்.

அதனால போறவங்க அந்த ஊரு ஆளு ஒருத்தரை வழிகாட்டியா வச்சுக்கிட்டு போங்க, ஒரு வேளையாச்சும் அங்கேயே சாப்பிடுங்க. அவங்க நம்மகிட்ட எதிர்பாக்குறது அதுதான்.

வயல்லேருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். சுனாமிக்கு அப்புறம் எங்க வயல்ல உப்பை எடுக்க ஜிப்சம் போட்டு, மழைத்தண்ணி தேக்கி வடிச்சு, பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டு வெதைச்சு மடக்கி உழுதவரு. போனுல அந்த மஞ்ச மண்ணையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்துட்டு, "கெடை கட்டுனாங்களான்னு கேளுடா தம்பி"ன்னாரு. ராத்திரி வயல்ல ஆட்டை அடைச்சு வைக்கிறதை அந்த விவசாயிகிட்ட எனக்குத் தெரிஞ்ச ஜப்பானியத்துல சொல்லி முடிக்கிறதுக்குள்ள பத்து நிமிஷம் ஆயிருச்சு. அவரு ஒரு சின்ன நோட்டை எடுத்து அதுல ஆடு படம் வரைஞ்சு, இப்படியான்னு காமிச்சாரு.