பல்பு மங்கினால் பரவாயில்லை, பளிச்சென்று எரிந்தால்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். சாயங்காலமானால் பல்பு மங்குகிறது, நடுநடுவே திடீரென்று பளிச்சென்றும் எரிகிறது. அப்பா காலத்து ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் புதிதாக வாங்கிய சவுண்ட்பாரும் இருக்கின்றன. டிவி ஸ்டெபிலைசரிலேயே இரண்டையும் மாட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், நீலகிரி

பதில்: மாட்ட வேண்டாம். சவுண்ட்பாருக்கு அது அநேகமாகத் தேவையே இல்லை. அடாப்டரில் பொடி எழுத்தில் 100–240 என்று போட்டிருந்தால் வோல்டேஜ் 160-க்கு இறங்கினாலும் அது பாட்டுக்குப் பாடும். அப்பாவின் ஆம்ப் அப்படியில்லை. உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், வீட்டு வோல்டேஜ் ஏறினால் உள்ளேயும் அதே அளவுக்கு ஏறும், ரொம்ப ஏறினால் பழைய கெபாசிட்டர்கள் மேல்மூடி உப்பிப்போய்விடும். இறங்கினால் பேஸ் அடிக்கிற இடத்தில் சத்தம் கரகரக்கும், அவ்வளவுதான்.

அதனால் மங்குவதைவிட அந்தப் ‘பளிச்’தான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் வீட்டில் பளிச்சென்று எரியும் அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் மங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் எங்கேயோ நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி, லூஸ். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்து இழுத்தாலே இது நடக்கும். நியூட்ரல் முழுசாக அறுந்தால் 230 வர வேண்டிய வீட்டுக்குக் கிட்டத்தட்ட 400 வரை வந்துவிடலாம். மெயினை அணைத்துவிட்டு முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், ஸ்டெபிலைசரெல்லாம் அப்புறம்.

ஆம்ப்புக்குத் தனியாக ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள். ஆம்ப்பின் பின்பக்கம் 200 வாட்ஸ் என்று இருந்தால் 500 விஏ (ஸ்டெபிலைசர் எவ்வளவு சுமை தாங்கும் என்கிற அளவு) வேண்டும், ஆன் செய்கிற நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு இழுக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் தானே துண்டிக்கிற ஹை கட்-ஆஃபும், கரண்ட் வந்து சில நிமிடம் பொறுத்து இணைக்கிற டைம் டிலேயும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் டிஜிட்டல் டிஸ்ப்ளேயைத்தான் காட்டுவார், அது அழகுக்கு.

இடிக்கு இது எதுவும் ஈடு கொடுக்காது. ஸ்டெபிலைசருக்குள் தானாக மாறுகிற சுவிட்சான ரிலே ‘டக்’ என்பதற்குள் இடி வந்து போயிருக்கும். திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கிற ஸ்பைக் பஸ்டர் ஓரளவு உதவும், ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே கோடை மழையில் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. செட்டாப் பாக்ஸுக்கு வருகிற டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், பலர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.