ஒன்டாரியோவில் பனியை அள்ளாமல் விட்டு யாராவது வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரர் பொறுப்பா?

எங்கே விழுந்தார் என்பதைப் பொறுத்தது. கார் நிறுத்தும் பாதை, வாசற்படி எல்லாம் உங்கள் நிலம். அங்கே வருபவர், தபால்காரர் உட்பட, பத்திரமாக நடக்க நீங்கள் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்கிறது மாகாணச் சட்டம். பனியை அள்ளாமல், உப்புத் தூவாமல் விட்டால் விழுந்தவர் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு அவர் பொதுவாக 60 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

தெருவோர நடைபாதை நகராட்சியுடையது. சில ஊர்களில் அதையும் வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அபராதம். ஆனால் அங்கே விழுந்தவருக்கு நஷ்டஈடு தரும் கடமை பொதுவாக உங்களுக்கு இல்லை என்று 2000இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் வீட்டுப் படியில் பாசி வழுக்கினால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும், தெருக்குழிக்கு நகராட்சி, அது மாதிரிதான். உங்கள் கூரைத் தண்ணீர் நடைபாதைக்கு ஓடி உறைந்தால் மட்டும் கதை வேறு. அபராதம் இல்லாத ஊரிலும் அள்ளிவிடுங்கள், நடப்பவர்களில் வயதானவர்களும் உண்டு.

அப்புறம், ‘பேஸ்மென்ட்டில் குடியிருப்பவர் பனி அள்ளுவார்’ என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதினாலே பொறுப்பு கைமாறிவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் பொதுவழியைப் பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரர் கடமை என்று அதே நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது.