ஜெனீவாவுக்கு எழுதுவதற்கு முன்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனைப் பள்ளியில் ஆசிரியர் பிரம்பால் அடித்துவிட்டார். போய்க் கேட்டால், "அடிக்கக் கூடாது என்று இங்கே தனிச் சட்டம் கிடையாது" என்கிறார் தாளாளர். நம் நாடு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றிருக்கிறது, ஜெனீவாவில் புகார் கொடுத்தால் பள்ளி மீது நேரடியாக நடவடிக்கை வரும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அதற்குக் கட்டணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில், பணம் கொடுக்காதீர்கள். அந்த உடன்படிக்கையை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று ஜெனீவாவிலிருந்து கண்காணிப்பது ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு. அதனிடம் புகார் செய்யக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இடைத்தரகர் தேவையே இல்லை. ஐ.நா. சின்னம் அச்சடித்த கடிதத்தாள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, "சர்வதேச" என்று தொடங்கும் அமைப்பின் பெயர், இவற்றை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பணம் கறப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் தானாக வரும் பதிலை அச்செடுத்து, "இதுதான் உங்கள் வழக்கு எண்" என்று காட்டியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்பாகவே இருக்கட்டும். அது கூட்டங்களில் கலந்துகொள்ளவும் பேசவும் உதவும். உங்கள் பள்ளிக்கு உத்தரவு போடும் அதிகாரத்தைத் தராது.

சரி, அப்படியானால் அந்த உடன்படிக்கையால் என்ன பயன்? இருக்கிறது, ஆனால் அவர் சொல்லும் வழியில் இல்லை.

1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்ட இந்த உடன்படிக்கையில் இன்று 196 நாடுகள் இருக்கின்றன. அமெரிக்கா மட்டும் கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டது. கையெழுத்து ஒரு கட்டம், இதற்குக் கட்டுப்படுகிறோம் என்று முறைப்படி உறுதிசெய்யும் ஏற்புறுதி அடுத்த கட்டம். அதன்பிறகும் சில நாடுகளில்தான் உடன்படிக்கை நேரடியாக உள்நாட்டுச் சட்டமாகிறது. நார்வே 2003இல் அப்படிச் செய்தது, ஸ்வீடன் 2020இல். நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றும்வரை நீதிமன்றத்தில் நேரடியாக அமல்படுத்த முடியாத நாடுகளும் ஏராளம். உங்கள் நாடு எது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் கடினமான நிலையையே, அதாவது நேரடியாகச் செல்லாது என்பதையே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அந்த நிலையிலும் தாளாளரின் பதில் அரைகுறையானது. தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் தாக்குதலைக் குற்றமாக்கும் பொதுச் சட்டம் இருக்கும். கல்வித்துறையின் நடத்தை விதிகள் இருக்கும். அவற்றுக்குப் பொருள் சொல்லும்போதுதான் உடன்படிக்கை உள்ளே வருகிறது. கனடாவில் 1999இல் பேக்கர் வழக்கு. நாடுகடத்தல் உத்தரவு பெற்ற ஒரு தாய். கனடாவில் பிறந்த குழந்தைகள். உடன்படிக்கை அங்கே உள்நாட்டுச் சட்டமாக்கப்படவில்லை. ஆனாலும் அதன் மதிப்பீடுகள் சட்டத்துக்குப் பொருள் காண வழிகாட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைகளின் நலனைச் சரியாகப் பார்க்காத முடிவு ரத்தானது. உங்கள் புகாரும் இந்த வழியில்தான் போக வேண்டும். முன்னால் உள்நாட்டுச் சட்டம், அதற்கு முட்டுக்கொடுக்க உடன்படிக்கை.

புகாரில் பிரிவு 19ஐயும் 28இன் இரண்டாம் உட்பிரிவையும் குறிப்பிடுங்கள். முன்னது குழந்தையை வன்முறையிலிருந்து காப்பது பற்றியது. பள்ளி ஒழுங்கு குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது பின்னது. உடன்படிக்கையின் பிரிவுகளுக்கு விளக்கம் சொல்லிக் குழு 2006இல் வெளியிட்ட 8ஆம் பொதுக் கருத்துரை, வலி தரும் நோக்கத்தோடு உடல் பலத்தைப் பயன்படுத்தினால், எவ்வளவு லேசாக இருந்தாலும் அது உடல் தண்டனையே என்கிறது. "ஒரே ஒரு அடிதானே" என்பவருக்கு இந்த வரி போதும்.

இன்னொன்று, பலர் தொடாத ஆயுதம். ஒவ்வொரு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அதைப் பார்த்துக் குழு அந்த நாட்டுக்கென்றே இறுதிக் கருத்துகள் எழுதும். உடல் தண்டனை பற்றிப் பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும். ஐ.நா. இணையதளத்தில் இலவசம். உங்கள் நாட்டுக்கான பத்தியை அச்செடுத்துப் புகாரோடு இணையுங்கள். வழவழப்பான தாளில் அறிக்கை அச்சடிக்க அரசாங்கங்களுக்குப் பணம் இருக்கிறது, பதிலுக்கு வந்த கருத்துகளை மாவட்ட அலுவலகம்வரை அனுப்பத்தான் மனம் வருவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை முதல்முறையாக உங்கள் கையில்தான் பார்ப்பார்.

இனி ஜெனீவா. தனிநபர் புகாருக்கு வழிவிடுவது மூன்றாவது விருப்ப நெறிமுறை, அதாவது விரும்பும் நாடுகள் மட்டும் தனியாகச் சேரும் துணை ஒப்பந்தம். அது 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் 196 நாடுகள் என்றால் இதில் ஏறத்தாழ 50தான். உங்கள் நாடு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. பட்டியலில் இருந்தாலும் புகார் அரசின் மீதுதான், பள்ளியின் மீது அல்ல. உள்நாட்டு வழிகளையெல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும். முடிந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். தமிழில் எழுத முடியாது, பெயர் மறைத்தும் எழுத முடியாது.

தரகர்கள் பிடித்துத் தொங்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு. உள்நாட்டு வழி நியாயமற்ற அளவுக்கு இழுத்தடிக்கப்பட்டாலோ, பயன் தர வாய்ப்பில்லை என்றாலோ, அதை முடிக்காமலே வரலாம். "நம்ம ஊர் நீதிமன்றம் எப்போது தீர்ப்பு சொல்வது, நேரே ஜெனீவா போகலாம்" என்று இதைக் காட்டித்தான் மயக்குகிறார்கள். நம்பாதீர்கள். ஸ்வீடனின் சூழல் போராளி கிரேட்டா துன்பெர்க் உள்ளிட்ட 16 சிறார்கள் பருவநிலை மாற்றம் குறித்து ஐந்து நாடுகள் மீது புகார் செய்தபோது இதே வாதத்தை வைத்தார்கள். உள்நாட்டு நீதிமன்றங்களுக்குப் போவது வீண், காலதாமதமாகும் என்றார்கள். தேர்ந்த வழக்கறிஞர்கள் கூடவே இருந்தார்கள், உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2021இல் குழு ஏற்கவில்லை. உள்நாட்டில் முயன்றே பார்க்கவில்லை, முயலாமல் பயனில்லை என்று சொன்னால் போதாது என்பதே காரணம். பொதுவான அவநம்பிக்கை செல்லாது. உங்கள் மனு எந்தத் தேதியில் எங்கே கொடுக்கப்பட்டது, எத்தனை மாதம் கிடப்பில் கிடந்தது, எத்தனை நினைவூட்டல் அனுப்பினீர்கள் என்று தாளோடு காட்ட வேண்டும். அந்தத் தாள்கள் இருந்தால் உள்ளூரிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

அங்கே வென்றாலும் கிடைப்பது தீர்ப்பு அல்ல, குழுவின் கருத்து. என்ன செய்தோம் என்று அரசு ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் உங்கள் மகன் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கலாம்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது: காயம் தெரியும்படி தேதியோடு படம், மருத்துவரின் எழுத்துபூர்வக் குறிப்பு, தலைமை ஆசிரியருக்கும் கல்வித்துறைக்கும் தனித்தனி மனு. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பி வராதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் நாட்டில் குழந்தைகள் உரிமை ஆணையமோ குறைகேள் அதிகாரியோ இருந்தால் மூன்றாவது நகல் அங்கே.

மனுவை எழுதும் முன் மகனிடமும் பேசுங்கள். அவனைப் பாதிக்கும் எதிலும் அவன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. வேறு வகுப்புக்கு மாற வேண்டும், அந்த ஆசிரியர் எழுதித் தர வேண்டும், எல்லார் முன்னாலும் பேச்சு வேண்டாம், இப்படி அவனுக்கென்று ஏதாவது இருக்கும். மனுவின் கோரிக்கைப் பகுதியில் அதையே முதலில் எழுதுங்கள்.